ஒளி என்கிற வினைச்சொல்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே வடிவு நகரில் தளவாய் அண்ணாச்சி கட்டிய புது வீட்டில், கண்ணாடிக் கூரை வழியாக வெயில் கொட்டுகிற நடுக்கூடத்தில், அவருடைய மனைவி பேச்சியம்மாள் துடைப்பத்தைக் கையில் எடுத்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போனாள் என்பதும், துடைப்பத்தைக் கீழே வைத்ததும் மறுபடி தெரிந்தாள் என்பதும் எங்கள் பகுதியில் எல்லாரும் அறிந்த செய்தி. அதை யாரும் ஒரு செய்தியாகவே நினைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மனை பேச்சியம்மாள் தைத்த மனை. வாடகை வீட்டு நடையில், ஆட்கள் தாண்டித் தாண்டிப் போகிற இடத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஊரில் பாதிப் பெண்களின் தோளும் கையும் என்ன அளவு என்று மனப்பாடமாகத் தெரிகிற வரைக்கும் ஜாக்கெட் தைத்து வாங்கிய மனை அது. தளவாய் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கண்ணால் காணுவது அவருடைய பதவியின் பெயரிலேயே இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

வீட்டின் வரைபடத்தை வரைந்தவன் ஜெபசிங் என்கிற இளம் ஆர்க்கிடெக்ட். தெற்கத்தி வீடுகள் எல்லாம் இருட்டுக் குகைகள், நவீன வீடு என்றால் வெளிச்சம் அதன் எல்லா அறைகளிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்க வேண்டும் என்று அழகாகப் பேசுவான். அவன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டாத வீட்டைத் திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டியபோது பேச்சியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தெருவப் பாத்து ஒரு ஜன்னல் வேணும் தம்பி. அதுக்குக் கீழ என் மிஷின். டியூப்லைட்டுல மெரூனும் காப்பிக் கலரும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நூல மாத்திப் போட்டுட்டா பிரிச்சுத்தான் தைக்கணும். பகல் வெளிச்சம் இடதுபக்கமா விழணும்."

"வெளிச்சம்தானே மேடம்? வீடே வெளிச்சம்தான். நடு ஹாலுக்கு மேல முழுக்கக் கண்ணாடி போடுதோம்."

"நான் ஜன்னல்லா கேக்குதேன்."

"முன்பக்கம் ஜன்னல் வச்சா எலிவேஷன் கெட்டுரும் பேச்சி," என்றார் தளவாய். "முன்பக்கம் மொத்தமும் கருங்கல் பதிக்கப் போறோம். ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும். அதுல போயி ஜன்னலும் மிஷினும்னு... நல்லாவா இருக்கும்?"

அதன் பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். வயர் கண்ணில் படக்கூடாது, தண்ணீர்க் குழாய் கண்ணில் படக்கூடாது, கேஸ் சிலிண்டர் கண்ணில் படவே கூடாது, வந்தவர்கள் உட்காரும் இடத்திலிருந்து கிரைண்டரோ பாத்திரம் கழுவுகிற தொட்டியோ தெரியக்கூடாது, துணி காய்கிற கொடி, துடைப்பம், அழுக்குக்கூடை, கரண்டி, பாத்திரம், எச்சில் தட்டு, கழுவாத டம்ளர், கழுவிய டம்ளர், எதுவும் தெரியக்கூடாது, தையல் மிஷின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தள்ளுகதவுக்குப் பின்னால் இருந்துகொள்ளட்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஜெபசிங் கோயிலில் மந்திரத்துக்கு இடையே மணி அடிப்பவனைப் போல, "கன்சீல் பண்ணிரலாம் சார், கன்சீல் பண்ணிரலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பேச்சியம்மாள் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அப்போதெல்லாம் காப்பியோடு வந்தால் தெரிந்தாள்.

வீடு எழுந்தது. தளவாய்க்குத் தமிழ்ப் பற்று உண்டு. பக்கத்து வீடுகளின் வடமொழிப் பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர். தன் வீட்டுக்குத் தூய தமிழில் ஒரே சொல்லில் பெயர் வேண்டும் என்று யோசித்து, 'ஒளி' என்று கிரானைட்டில் வெட்டி வாசலில் பதித்தார். புதுமனை புகும் பால்காய்ப்பு அன்றே நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அண்ணாச்சி, 'ஒளி' பெயர்ச்சொல்லாக இருந்தால் வெளிச்சம். ஏவல் வினையாக எடுத்துக்கொண்டால் 'மறைத்து வை' என்று பொருள். எது என்று கிரானைட்டில் அடிக்குறிப்பு இல்லையே."

"கேசரி ஆறுது வே, சாப்பிடும்," என்றார் அவர்.

ஆனால் வீடு புது வீடு. உலக அனுபவம் இல்லாதது. வாசலிலேயே கட்டளை எழுதியிருக்கிறது, எதையெதை மறைக்க வேண்டும் என்பதை அது கட்டப்படுவதற்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. சொன்னபடி செய்தது. தன் வெளிச்சம் முழுவதையும் கொண்டு, சொன்ன பொருட்களையும் அவற்றைத் தொட்ட கையையும் அந்தக் கைக்கு உரியவளையும் மறைத்தது. காரணம் இவ்வளவுதான், இதற்கு மேல் அதில் ஆராய ஒன்றும் இல்லை.

பால்காய்ப்பு அன்று பால் பொங்கியது, காப்பி வந்தது, இலை விழுந்தது, இலை எடுக்கப்பட்டது. யார் கொண்டுவந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் ஒருவராலும் பார்க்க முடியவில்லை என்பது தெரியவர நாளாயிற்று. வந்த உறவுக்காரர்கள் தலையை அண்ணாந்து கண்ணாடிக் கூரையைப் பார்த்து, "வீடு எவ்வளவு நீட்டா இருக்கு! ஒரு சாமான் வெளியே தெரியலயே" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையோடு போனார்கள்.

முதலில் கவனித்தவள் எதிர்வீட்டு ஸ்டெல்லா. அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனவள், மாடிப்படிக்குக் கீழே தள்ளுகதவைத் திறந்தாள். படிகளின் இடைவெளி வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மிஷின் இல்லை, ஆளும் இல்லை.

"யக்கா, எங்க இருக்கீய?"

"இங்கதான் ளா. மிஷின விட்டுக் கையை எடுத்தா தெரிவேன். இந்த ஓரத்த அடிச்சு முடிச்சிருதேன்."

"சரி சரி, எடுக்க வேண்டாம். ஜாக்கெட்ட இப்படி வச்சிட்டுப் போறேன். கை மட்டும் கொஞ்சம் லூசா வைங்க."

இவ்வளவுதான். ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து, போன முறை கழுத்து இறக்கமாகிவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேனே என்றுதான் வருத்தப்பட்டாளாம்.

பேச்சியம்மாளின் விரல் பேச்சியம்மாளுக்கே தெரியவில்லை என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஊசி எங்கே இறங்குகிறது, துணி எங்கே மடிகிறது, நூல் என்ன நிறம் என்று எதுவும் தெரியாமல், தடவித் தடவித் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. கட்டுப் போட்ட விரலும் மிஷினைத் தொட்டால் மறைந்தது. பொழுது சாய்ந்த பிறகு, டியூப்லைட்டைப் போட்டால் எல்லாம் தெரிந்தது. பகல் வெளிச்சத்துக்காக ஜன்னல் கேட்டவள் பழையபடி டியூப்லைட்டிலேயே தைத்து, மெரூன் துணிக்குக் காப்பிக் கலர் நூலைப் போட்டு, பிரித்துப் பிரித்துத் தைத்தாள். வாடிக்கைக்காரிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தையல்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். இருபது வருஷத் தொழில் கண் முன்னால் கரைந்தது என்று எழுத வருகிறது. கண்ணுக்கும் தெரியாமல் கரைந்தது என்பதே சரி.

எங்கள் தெரு இந்த அதிசயத்தைத் தன் பழக்கவழக்கங்களுக்குள் இழுத்துக்கொண்ட வேகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. பால்காரர் பாலைக் காற்றில் நீட்டினார், பாத்திரம் தட்டுப்பட்டதும் ஊற்றினார். குடியிருப்போர் சங்கத்தில் அந்த வீட்டை முன்மாதிரி வீடு என்று அறிவித்தார்கள். ஆண்கள் தங்கள் மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு வந்து, பார், வீடு வைத்துக்கொள்வது என்றால் இப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்கள். அந்த மனைவிமார் அருகில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தத்தையும் ஒருத்தி மூச்சு வாங்குகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டே தலையாட்டினார்கள். ஜெபசிங்குக்கு அடுத்தடுத்து வேலை வந்தது. எல்லாரும் "தளவாய் சார் வீடு மாதிரி" என்றே கேட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கிற மகன் விடுமுறைக்கு வந்து, கூடத்துச் சோபாவில் கைபேசியோடு படுத்துக்கிடந்தான். அவன் ஒரு நொடிகூட மறையவில்லை, கைபேசி மறைக்கச் சொன்ன பொருட்களில் இல்லை.

"சும்மா உக்காந்தா தெரியுதாளே," என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. "உக்கார வேண்டியதுதானே. யார் வேண்டாம்னா?"

"உட்கார்ந்தால் சோறு யார் பொங்குவது?" என்று கேட்டேன்.

"அது பொங்கித்தான் ஆகணும்," என்றாள், இரண்டுக்கும் நடுவே ஒரு முரண்பாடும் இல்லாதவளைப் போல.

தளவாயோ பெருமைப்பட்டார். "மத்தவன் வீட்டுக்குப் போனா பொம்பளைய வேலை செஞ்சு செஞ்சு ஓய்ஞ்சு போயிருக்கது பளிச்சுனு தெரியுது. நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு தெரியுமா, சொல்லும்."

எனக்கு இன்னும் பெரிய வேதனை, தெருவில் இதைப் பற்றிப் பேசிய இலக்கணம். எல்லாரும் "பேச்சி ஒளிஞ்சுக்கிடுதா" என்றார்கள். சங்கச் செயலாளர் சுடலைமுத்துவிடம் போய் வாதாடினேன். ஒளிந்தாள் என்றால் தன்வினை, அவளே போய் மறைந்தாள் என்று பொருள். ஒளித்தார்கள் என்றால் பிறவினை, ஒருத்தியைப் பிடித்து மறைத்துவைத்தார்கள் என்று பொருள். இரண்டாவது வாக்கியத்துக்கு எழுவாயாக நாமெல்லாரும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன்.

"ந்-ங்கறதுக்கும் த்-ங்கறதுக்கும் ஒரு எழுத்துதானவே வித்தியாசம்," என்றார் அவர்.

ஒரு மெய்யெழுத்து. புள்ளி வைத்த, அரை மாத்திரை ஒலிக்கிற ஓர் எழுத்து. அந்த அநியாயம் முழுவதும் அதற்குள்ளேதான் கால் நீட்டிப் படுத்திருந்தது.

இப்படியே போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் தேன்மொழி, இட்லி தின்ற தட்டைத் தானே கழுவலாம் என்று எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தபோது மகளின் சட்டைக் கை முழங்கையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மறைவு சட்டைக் கையில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஏட்டி! கீழ வை!"

"கழுவிட்டு வச்சிருதேம்மா."

"கழுவ வேண்டாம். கீழ வைன்னு சொல்லுதேன்லா!"

"ஏம்மா இப்படிக் கத்துத? ஒனக்குப் பழகிட்டுல்லா," என்றாள் தேன்மொழி, தோளில் ஏறிய மறைவைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் பழகிரும்."

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கித் தொட்டிக்குள் போட்டாள். பிறகு கூடத்துக்கு வந்து, கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே, விருந்தாளிகளுக்கு மட்டும் என்று வைத்திருந்த சோபாவின் நடுவில், மகளையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தாள்.

அந்த வெளிச்சத்தில் அவள் அப்படித் தெரிந்தாள். காதுத் தோட்டின் கல் தெரிந்தது, நரை தெரிந்தது, விரல்களில் ஊசி ஏறிய கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஜெபசிங் கெட்ட ஆர்க்கிடெக்ட் இல்லை. அவன் கொண்டுவந்த வெளிச்சம் நல்ல வெளிச்சம்.

"என்ன பேச்சி, உடம்புக்கு முடியலயா?" என்றார் தளவாய்.

"நல்லாத்தான் இருக்கு."

"பொறவு ஏன் உக்காந்திருக்க?"

"தெரியணும்னு."

அவர் சிரித்தார். மறுநாள் சிரிக்கவில்லை. ஓட்டலில் வாங்கிவந்து சாப்பிட்டார்கள். தொட்டி நிறைந்து மேடையில் வழிந்தது. மறைக்கப்பட்ட பாத்திரங்கள் ஆனதால் குவியல் தெரியவில்லை, நாற்றம் மட்டும் தெரிந்தது. வீட்டில் ஒரு சுத்தமான டம்ளர் மிச்சமில்லாத ஒரு மதியத்தில், தண்ணீர் குடிப்பதற்காக, தளவாய் தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டம்ளரைக் கழுவப் போனார்.

அவர் போட்ட அலறல் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

தெரு முழுவதும் ஓடிவந்தது. மாதக்கணக்காகப் பேச்சியம்மாள் மறைந்து மறைந்து தெரிந்தபோது அசையாத தெரு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தது. சுடலைமுத்து சங்கத்தின் அவசரக் கூட்டத்தை அந்தக் கூடத்திலேயே கூட்டினார். யாரோ பூசாரியைக் கூட்டிவந்தார்கள், யாரோ இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். ஜெபசிங்கைக் கையோடு பிடித்து வந்தார்கள். கூரைக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும் என்றார் ஒருவர், தகரம் போட்டு மூடினால் செலவு குறைவு என்றார் ஒருவர், "ஒரு மனுசன் காணாமப் போயிருக்கான், நீங்க செலவைப் பாக்கீய!" என்று இன்னொருவர் மேசையைக் குத்தினார். ஸ்டெல்லா அழுதாள். மூன்றாம் வீட்டுக்காரி சோபாவில் இருந்த பேச்சியம்மாளைப் பார்த்து, "புருசனக் காணும், கல்லு மாதிரி உக்காந்திருக்கியே" என்றாள்.

"காணாமப் போகல. தொட்டிப் பக்கம் நிக்காவ," என்றாள் பேச்சியம்மாள்.

சுடலைமுத்து தொட்டிக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, கையில என்ன வச்சிருக்கீரு?"

"டம்ளர்," என்றது தளவாயின் குரல்.

"கழுவுதீரா?"

"ஆமா வே."

"அதைக் கீழ வையும்."

டங் என்று ஒரு சத்தம். தளவாய் தெரிந்தார், வேட்டியெல்லாம் ஈரமாக.

கைதட்டினார்கள். ஐயா, நான் சொல்வது உண்மை, கைதட்டினார்கள். "இவ்வளவுதானா! இதுக்கா இம்புட்டு பயந்தோம்!" என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பூசாரி திருநீறு பூசினார். "இனிமே அதைத் தொடாதீரும் அண்ணாச்சி" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள், வழி இவ்வளவு எளிதாக இருந்ததே என்று ஆச்சரியப்பட்டார்கள். அந்த எளிய வழியை, சோபாவில் இருந்தவளுக்கு இத்தனை மாதமும் ஒருவரும் ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வி அந்தக் கூட்டத்தில் ஒருவர் நாக்கிலும் வரவில்லை. மூன்றாம் வீட்டுக்காரி சோபாப் பக்கம் திரும்பி, "பேச்சி, எல்லாருக்கும் ஒரு காப்பி போடேன், பாவம், பதறிட்டாவ" என்றாள்.

பேச்சியம்மாள் எழுந்தாள்.

அடுக்களைக்குப் போகவில்லை. வீட்டின் பக்கவாட்டில் கட்டடக்காரர்கள் விட்டுப்போன மணல் கிடந்தது, அதில் ஒரு கடப்பாரை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். நாங்கள் எல்லாரும் அவள் மறைவதற்காகக் காத்திருந்தோம். மறையவில்லை. கண்ணில் படக்கூடாதவை என்று தளவாய் சொன்ன பொருட்களில் கடப்பாரை இல்லை. ஒரு பெண்ணின் கைக்கு அது வரும் என்று வரைபடம் போட்ட இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பளீரென்று தெரிந்தபடி, முன்பக்கச் சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"ஏ பேச்சி! எலிவேஷன்! எலிவேஷன்!" என்று கத்தினார் தளவாய்.

"ஆமா," என்றாள். இரண்டாவது குத்து.

"மேடம், அது பாரம் தாங்குத லோடு பேரிங் சுவர் இல்ல, ஆனாலும் முறைப்படி..." என்று ஜெபசிங் குறுக்கே வந்தான்.

"முறைப்படி ஓங்கிட்ட ஒரு ஜன்னல் கேட்டேன் தம்பி. தள்ளி நில்லு, கல்லு தெறிக்கும்."

தேன்மொழி ஒரு செங்கலைப் பிடுங்கினாள். கருங்கல் பலகைகள் தெருவில் விழுந்து உடைந்தன. சாயங்காலத்துக்குள் சுவரில் ஒரு ஓட்டை விழுந்தது. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை, அளவு பார்த்துத் தைக்கிறவள் அளவு பார்க்காமல் போட்ட ஒரே வெட்டு அது. தாயும் மகளும் மிஷினை மாடிப்படிக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டு வந்து அதன் முன்னால் போட்டார்கள், கூடத்தில் வெறும் சத்தம்தான் நகர்ந்து வந்தது, ஓட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் மிஷின் தெரிந்தது, முதலில் சக்கரம், பிறகு ஊசி, பிறகு முழுவதும்.

ஓட்டை வழியாக வந்தது தெருவின் வெளிச்சம். அது அந்த வீட்டின் கட்டளைக்குக் கட்டுப்பட்டதல்ல.

மறுநாள் காலையில் அவள் தைக்க உட்கார்ந்தாள். மடியில் மெரூன் துணி. தேன்மொழி பாபினில் மெரூன் நூலைச் சுற்றிக் கொடுத்தாள். மகளுடைய கை மணிக்கட்டைத் தாண்டி விரல்நுனி வரைக்கும், நகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு வரைக்கும் தெரிந்தது. பேச்சியம்மாள் தன் விரல்களைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.

பால்காரர் நின்றார். ஸ்டெல்லா நின்றாள். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிப்பதை மறந்து நின்றது. ஒரு பெண் வேலை செய்வதைப் பார்க்க எங்கள் தெரு முழுவதும் அந்த ஓட்டைக்கு எதிரே கூடிவிட்டது. அவள் தலையைத் தூக்கினாள். பல்லில் நூலைக் கடித்தபடியே எரிந்து விழுந்தாள்.

"என்ன வேடிக்கை இங்க? போங்க, போயி வேலையப் பாருங்க!"

தமிழில் சோற்றைத் தின்கிறோம், துணியைத் துவைக்கிறோம், வேலையை மட்டும் பார்க்கிறோம். இதை எந்த இலக்கணக்காரர் எப்போது முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியாது. எங்களை விரட்டுவதற்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஒருவரும் நகரவில்லை. கை மடங்குவதை, துணி திரும்புவதை, ஊசி விரலுக்கு மயிரிழை தள்ளி இறங்குவதை, நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

உள்ளே கூடத்தில் தளவாய் முன்னும் பின்னும் நடப்பது ஓட்டை வழியாகத் தெரிந்தது. அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. சத்தம் வருகிற திசையில் கையை நீட்டித் தடவினார், கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கடைசியில் கதவைத் திறந்து, உடைந்த கருங்கல்லில் கால் வைத்து இறங்கி, கேட்டைத் தாண்டி வெளியே வந்து, எங்களோடு எங்களாகத் தெருவில் நின்று, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, தன் வீட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கிடும் வே," என்றார் என்னிடம். "மறைக்குது."